கொலராடோ உயர்மேட்டு வீடுகளில் ஸ்டக்கோ பழுது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் 6,000 அடியை ஒட்டி நிற்கிறது. மலைப்பக்கம் ஏறினால் எவர்கிரீன் போன்ற ஊர்கள் 7,000 அடியைத் தாண்டிவிடுகின்றன. இந்தப் பகுதியில் ஜனவரி மாதத்துப் பகல் வெப்பம் பல நாட்களில் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறும். அதே நாள் இரவில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். சுவருக்குள் புகுந்த நீர் பகலில் உருகி, இரவில் உறைகிறது. உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. மாதக்கணக்கில் உறைந்தே கிடக்கும் ஊரைவிட, இப்படி நாள்தோறும் உறைந்து உருகும் ஊரில்தான் ஸ்டக்கோ என்னும் வெளிச்சுவர்ப் பூச்சு வேகமாகச் சிதைகிறது. போதாக்குறைக்கு, உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புறஊதாக் கதிரின் கடுமை சுமார் 10 சதவீதம் கூடுவதால், இடுக்குகளை அடைக்கும் பசையான சீலண்டும் அக்ரிலிக் மேற்பூச்சும் சமவெளியில் உழைக்கும் காலம் இங்கே உழைப்பதில்லை.

நம்மில் பலர் செங்கல் சுவரில் பூசிய காரையைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே விரிசல் கண்டால் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவது வழக்கம். இங்குள்ள சுவர் அப்படிப்பட்டதன்று. உள்ளே மரச்சட்டம், அதன்மேல் மரச்செதில்களை ஒட்டி அழுத்திச் செய்த ஓஎஸ்பி பலகை, அதன்மேல் இரண்டு அடுக்குத் தார்க்காகிதம், அதன்மேல் கம்பி வலை, கடைசியாக மூன்று பூச்சுகள் சேர்ந்து ஏறத்தாழ 7/8 அங்குலக் கனம். ஸ்டக்கோ மழைநீரை முழுவதும் தடுக்கும் என்று இந்த அமைப்பை வகுத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் நீர் உள்ளே போகும். அது காகிதத்தின்மேல் வழிந்து, சுவரின் அடியில் உள்ள வீப் ஸ்கிரீட் என்னும் துளையிட்ட தகட்டுப் பட்டை வழியே வெளியேற வேண்டும். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நீர் எங்கிருந்து வந்தது? வெளியேற முடியாமல் எங்கே தடைபட்டது? இவற்றுக்கு விடை தெரியாமல் விரிசலை அடைத்தால், பல வீடுகளில் நீர் வெளியேற இருந்த கடைசி வழியும் அடைபட்டுப்போகிறது.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

பனி பெய்து ஓய்ந்த மறுநாள், வெயில் அடிக்கும் பிற்பகலில் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். சுவர் முழுவதும் வெளுத்துக் காய்ந்திருக்கும்போது, சில இடங்கள் மட்டும் கருத்தே நிற்கும். சன்னலின் கீழ் மூலை, கூரை முடியும் இடம், தரையை ஒட்டிய முதல் ஒரு அடி, பால்கனியின் அடிப்பக்கம் ஆகியவைதான் பெரும்பாலும் அப்படி நிற்பவை. அந்த ஈரத் திட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுவதும் காய்ந்தபின் இந்தத் தடயம் கிடைக்காது.

அடுத்து, மேற்பூச்சு எந்த வகை என்று அறிய வேண்டும். ஒரு குவளை நீரைச் சுவரில் வீசுங்கள். நீர் உடனே உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் அது சிமெண்ட் மேற்பூச்சு. முத்து முத்தாகத் திரண்டு வழிந்தால் அக்ரிலிக் பூச்சு, அல்லது பெயிண்ட் அடித்த சுவர். விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருந்து, தட்டினால் டப்பாவைப் போல ஒலித்தால், அது தெர்மோகோல் பலகையின்மேல் மெல்லிய பூச்சு பூசிய இஐஎஃப்எஸ் அமைப்பாக இருக்கலாம். இந்த மூன்றுக்கும் பழுது நீக்கும் முறை வேறு வேறு. பழைய வீடாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கொலராடோவில் ஒரு தனிவீட்டில் 32 சதுர அடிக்கு மேல் பழைய பூச்சை உடைப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதா என்று சோதித்தாக வேண்டும். அளவு குறைவாக இருந்தாலும், வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலுக்குக் கேடு; எனவே என்95 முகக்கவசம் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

அறிகுறி: சுவரின் அடிப்பகுதி செதில் செதிலாகப் பெயர்கிறது

இங்கே மிகுதியாகக் காணப்படும் பழுது இதுதான். தரையை ஒட்டிய ஓரிரு அடிக்குள் மேற்பூச்சு முதலில் கொப்புளமாக எழும்பி, பின் பட்டை பட்டையாக உதிரும். உள்ளிருக்கும் மணல் கையோடு வரும். சில இடங்களில் துருப்பிடித்த கம்பி வலை தெரியும்.

முதலில் வீப் ஸ்கிரீட்டைத் தேடுங்கள். கட்டட விதிகளின்படி அந்தப் பட்டை மண்ணிலிருந்து குறைந்தது 4 அங்குலம், சிமெண்ட் தளம் போன்ற கெட்டித் தரையிலிருந்து குறைந்தது 2 அங்குலம் உயரத்தில் தெரிய வேண்டும். தோட்டம் போடும்போது கொட்டிய மண்ணோ, மரச்சீவலோ, சரளைக்கல்லோ அதை மூடியிருந்தால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். மண்ணிலிருந்து ஈரம் பூச்சுக்குள் மேலேறுகிறது. மேலிருந்து வரும் நீருக்கோ வடிய வழியில்லை. வீடு கட்டியபோது சரியாக இருந்த இடைவெளி, பின்னாளில் சேர்ந்த ஒரு நடைபாதையாலோ பூந்தொட்டி மேடையாலோ மறைந்துபோவது சாதாரணமாக நடப்பதே.

அடுத்து, புல்தரைத் தெளிப்பான்களை ஓடவிட்டுப் பாருங்கள். காற்று வீசும்போது நீர் சுவரில் படுகிறதா? கோடையில் வாரத்துக்கு மூன்று நாள் நனையும் சுவர், அக்டோபரில் முதல் உறைபனி விழும்போது ஈரத்தோடுதான் நிற்கும். வாகனப் பாதையை ஒட்டிய சுவரானால், பனி உருகச் சாலையில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடு வண்டிச் சக்கரங்களோடு வந்து சேருகிறது. அது சிமெண்டின் பிணைப்பை அரிப்பதோடு கம்பி வலையையும் துருப்பிடிக்க வைக்கிறது. கராஜ் கதவின் இருபுறத் தூண்களும் மற்ற இடங்களுக்கு முன்பே உதிர்வதற்கு இதுவே காரணமாக இருப்பதை அடிக்கடி காணலாம். வழித்த பனியைச் சுவரோரம் குவிக்கும் பழக்கமும் சேர்ந்தால் அந்த இடம் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

பழுது நீக்குவதில் வரிசை முக்கியம். மண்ணை வெட்டி எடுத்து, பட்டை வெளியே தெரியும்படி செய்து, தரை வீட்டிலிருந்து விலகிச் சரிவதை உறுதிசெய்யுங்கள். முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் சரிய வேண்டும். தெளிப்பானைத் திருப்புங்கள். அதன்பின் சுவர் சில வாரங்கள் காயட்டும். அதற்குப் பிறகே கெட்டுப்போன பூச்சை, உறுதியான பகுதி வரும்வரை கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். கம்பி வலை துருவேறி மெலிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஈரச் சுவரின்மேல் எலாஸ்டோமெரிக் பெயிண்ட் அடித்து மறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தப் பெயிண்ட் ரப்பர் படலம்போல் மூடிக்கொள்வதால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே ஆவியாவது வெகுவாகக் குறைந்து, அடுத்த குளிர்காலத்தில் பெயிண்டோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து விழும்.

அறிகுறி: சன்னல் மூலையில் சாய்ந்த விரிசல், அதன் கீழே பழுப்புக் கறை

சன்னலின் நான்கு மூலைகளிலும் இழுவிசை திரள்வதால் அங்கே 45 டிகிரிச் சாய்வில் விரிசல் விழுவது இயல்பு. கறையில்லாத, 1/16 அங்குலத்துக்கும் குறைவான விரிசல் அச்சப்பட வேண்டியதன்று. அதன் கீழே பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தால் செய்தி வேறு.

கறை விரிசலிலிருந்து தொடங்குகிறதா, சன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் இடையிலுள்ள இடுக்கிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். இடுக்கில் உள்ள சீலண்டை நகத்தால் கீறினால், இந்த வெயிலில் கெட்டுப்போன சீலண்ட் சுண்ணாம்புபோல் தூளாகும், அல்லது ஒரு பக்கம் பிடி விட்டுப் பிரிந்து நிற்கும். அதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, இடுக்கில் நுரைக்கயிற்றைச் செருகி, அதன்மேல் புது சீலண்டை இட வேண்டும். சீலண்ட் இரு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக்கூடாது. அதன் ஆழம் அகலத்தில் பாதியளவு இருந்தால் போதும். மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டால், சுவர் சுருங்கி விரியும்போது அது கிழிந்துவிடும்.

சீலண்ட் நன்றாக இருந்தும் கறை தொடர்ந்தால், குறை காகித அடுக்கில் இருக்கிறது. சன்னலைப் பொருத்தும்போது கீழ்ப்பக்கக் காகிதத்தை முதலிலும், பக்கவாட்டுக் காகிதத்தை அடுத்தும், மேல்பக்கக் காகிதத்தை இறுதியிலும் பொருத்தி, மேலுள்ளது கீழுள்ளதன்மீது படியும்படி அமைக்க வேண்டும். ஓடு வேயும் அதே முறைதான். அவசரத்தில் இந்த வரிசையை மாற்றியிருந்தால், வழிந்து வரும் நீர் காகிதத்துக்குப் பின்னே போய்ப் பலகையை நனைக்கும். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. சன்னலின் கீழ் மூலைக்குச் சற்றுக் கீழே 3/16 அங்குல அளவில் இரண்டு துளையிட்டு, நீண்ட ஊசிகள் கொண்ட ஈரமானியைப் பலகைவரை செலுத்திப் பார்க்க வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பூஞ்சைக்கு வாய்ப்பு உண்டு. ஊசி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது. அளந்து முடித்ததும் துளைகளைச் சீலண்டால் அடைத்துவிடுங்கள்.

உளுத்த பலகை இருக்கும் இடத்தில் வெளியிலிருந்து எதைப் பூசினாலும் பயனில்லை. சன்னலைச் சுற்றிப் பூச்சை வெட்டி எடுத்து, பலகையை மாற்றி, தகடும் காகிதமும் முறைப்படி பொருத்தி, அதன்பிறகே பூச வேண்டும். செலவு கூடுதல்தான், தள்ளிப்போட்டால் மரச்சட்டத்தையும் மாற்ற நேரும் என்பதால், இந்த அறிகுறியை ஒரு பருவம்கூடக் காத்திருக்க விடாதீர்கள்.

அறிகுறி: கூரையின் விளிம்பு சுவரில் முடியும் இடத்துக்குக் கீழே நீளமான கறை

முன்வாசல் கூரையோ கராஜ் கூரையோ ஒரு சுவரை ஒட்டிச் சரிந்து, சுவரின் நடுவில் முடிவதைப் பல வீடுகளில் காணலாம். அந்த முனையில் கூரை நீரைச் சுவரிலிருந்து விலக்கி மழைநீர்க் கால்வாய்க்குள் தள்ள, வெளிப்புறமாக வளைந்த சிறு தகடு ஒன்று இருக்க வேண்டும். கிக்அவுட் என்று அதைக் குறிப்பிடுவார்கள். உள்ளங்கை அளவுள்ள அந்தத் தகடு இல்லாத வீட்டில், கூரை முழுவதன் நீரும் ஒரே இடத்தில் பூச்சுக்குப் பின்னே இறங்குகிறது. கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைபோல் கட்டிக்கொள்ளும் நாட்களில் உருகும் நீர் பின்னோக்கித் தேங்குவதால் நிலைமை இன்னும் மோசமாகும். ஓரிரு அடி பூச்சை வெட்டி எடுத்து, தகட்டைக் காகிதத்துக்கு அடியில் செருகிப் பொருத்துவதே இதற்குரிய மருத்துவம். வெளியே சீலண்ட் தடவி வளைத்து ஒட்டும் தகடு நிலைக்காது.

அறிகுறி: நேர்கோட்டு விரிசல், அடித்தளத்திலிருந்து ஏறும் சாய்ந்த விரிசல்

இரண்டு மாடிகளுக்கு இடையில் கிடைக்கோடாக ஓடும் விரிசல், தளத்தைத் தாங்கும் மரம் காய்ந்து சுருங்கியதால் வந்தது. இந்த வறண்ட காற்றில் புது மரம் முதல் ஓரிரு ஆண்டுகளில் நன்றாகச் சுருங்கிவிடும். அதன்பின் விரிசல் வளராமல் நின்றுவிட்டால் நிரப்பி முடிக்கலாம். நாலடிக்கு ஒன்றாகவோ எட்டடிக்கு ஒன்றாகவோ செங்குத்தாக விழும் விரிசல்கள் பெரும்பாலும் ஓஎஸ்பி பலகைகளின் மூட்டுகளைக் காட்டுகின்றன. பலகைகளுக்கு இடையே 1/8 அங்குல இடைவெளி விடாமல் நெருக்கி அடித்திருந்தால், ஈரம் பட்டுப் பலகை விரியும்போது மூட்டு பிதுங்கிப் பூச்சைப் பிளக்கும்.

பெரிய சுவரின் நடுவே போக்குத் தெரியாமல் நீளும் விரிசல்கள் இருந்தால், பூச்சு சுருங்கி விரிய இடம்தரும் அசைவு இணைப்புப் பட்டைகள் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். பூச்சுக்குரிய தரநிலையின்படி, இந்தப் பட்டைகளால் பிரியும் ஒரு கட்டம் 144 சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. இரு இணைப்புகளுக்கு இடையே 18 அடிக்கு மேல் இருக்கக்கூடாது. கட்டத்தின் நீளம் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டக்கூடாது. இணைப்பே இல்லாத சுவர் தனக்கு வேண்டிய இணைப்பைத் தானே விரிசலாக உண்டாக்கிக்கொள்ளும். அதை எத்தனை முறை நிரப்பினாலும் பக்கத்தில் இன்னொன்று விழும்.

அடித்தளத்திலிருந்து மேலே ஏறி, ஒரு முனை குறுகியும் மறு முனை விரிந்தும் தோன்றும் சாய்ந்த விரிசலை மட்டும் பூச்சுப் பழுதாக எண்ணாதீர்கள். ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் பல இடங்களில் நிலத்தடியில் பென்டோனைட் கலந்த களிமண் இருக்கிறது. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது. அடித்தளத்தையே தூக்கிவிடும் வலிமை அதற்கு உண்டு. விரிசலின் இருபுறமும் பென்சிலால் குறியிட்டு, தேதி எழுதி, ஓராண்டுக்கு மாதந்தோறும் அளந்து வாருங்கள். அதே பக்கத்தில் கதவுகள் இறுகத் தொடங்கினாலோ, விரிசலின் ஒரு விளிம்பு மற்றதைவிட வெளியே துருத்தினாலோ, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். கூரைநீர்க் குழாயைக் குறைந்தது 5 அடி தள்ளி முடியும்படி நீட்டுவதும், அடித்தளத்தை ஒட்டிய 5 அடிக்குள் நீர் பாய்ச்சாமல் இருப்பதும் அதற்குமுன் நாமே செய்யக்கூடியவை.

அறிகுறி: மயிரிழை விரிசல்கள் வலைபோல் பரவியிருக்கின்றன

பூச்சு அளவுக்கு மீறிய வேகத்தில் காய்ந்ததன் அடையாளம் இது. காற்றில் ஈரப்பதம் குறைவு, வெயில் கடுமை, பிற்பகலில் காற்று என்னும் மூன்றும் சேர்ந்து, சிமெண்ட் இறுகுவதற்குள் நீரை உறிஞ்சிவிடுகின்றன. ஆழமில்லாதவை என்பதால் உடனடி ஆபத்து இல்லை. சிமெண்ட் மேற்பூச்சாக இருந்தால், சுவரை லேசாக நனைத்து, நிறமிட்ட சிமெண்டை நீர்க்கக் கரைத்துத் தெளிக்கலாம். அக்ரிலிக் பூச்சின்மேல் அது பிடிக்காது. அங்கே புதிய அக்ரிலிக் பூச்சுதான் ஏற்றது.

அறிகுறி: தட்டினால் பொள்ளல் ஒலி

கரணைக் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டி ஒலி மாறிப் பொள்ளலாக ஒலிக்கும் எல்லையைச் சாக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். சிறு திட்டாக, அசையாமல் இருந்தால் கண்காணிக்கலாம். கையால் அழுத்தும்போது சுவர் உள்வாங்கினாலோ, பொருமி வெளியே தள்ளி நின்றாலோ, பூச்சு அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம், அல்லது வலை ஆணியிலிருந்து விடுபட்டிருக்கலாம். வலையைத் தாங்கும் ஆணிகள் மரச்சட்டத்தில் இறங்கி, 7 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டும். பலகையில் மட்டும் அடித்தவை நாளடைவில் தளரும். பொருமிய பகுதியை அகற்றியே ஆக வேண்டும். வாசலுக்கு மேலே பொருமல் இருந்தால், வேலை தொடங்கும்வரை அதன் கீழே யாரும் நடக்காதபடி தடுத்து வையுங்கள்.

அறிகுறி: வெள்ளையாக உப்புப் பூத்தல்

புதுச்சுவரில் முதல் குளிர்காலத்தில் பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பழைய சுவரில் ஆண்டுதோறும் அதே இடத்தில் பூத்தால், அங்கே நீர் நடமாட்டம் இருக்கிறது, அதைத் தேடுங்கள். அமிலம் ஊற்றிக் கழுவுவது பூச்சை மேலும் துளைபடுத்தும்.

அறிகுறி: வட்டமான துளைகள்

கூரையின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே, சுவரின் மூலையில், டென்னிஸ் பந்து நுழையுமளவு வட்டத் துளையும் கீழே தரையில் வெள்ளைத் தெர்மோகோல் மணிகளும் கிடந்தால், அது ஃபிளிக்கர் என்னும் மரங்கொத்தியின் வேலை. இறக்கையின் உட்புறம் செந்நிறமாகத் தெரியும் பறவை இது. இஐஎஃப்எஸ் சுவரின் பொள்ளல் ஒலி பட்டுப்போன மரத்தின் ஒலியை ஒத்திருப்பதால், வசந்தகாலத்தில் கூடு குடைய வருகிறது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் இதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது. முட்டையோ குஞ்சோ உள்ள துளையை அடைக்கக்கூடாது. குஞ்சுகள் பறந்தபின், துளையை ஒழுங்காக வெட்டி, அதே கனமுள்ள தெர்மோகோல் துண்டை ஒட்டி, கண்ணாடியிழை வலையோடு அடிப்பூச்சிட்டு, மேற்பூச்சை முடிக்க வேண்டும். நுரையை மட்டும் பீய்ச்சி அடைத்தால் பறவை திரும்ப வந்து குடையும். அருகில் மரத்தூள் நிரப்பிய கூட்டுப் பெட்டியை மாட்டி வைப்பதும், காற்றில் படபடக்கும் பளபளப்பு நாடாக்களைத் தொங்கவிடுவதும் ஓரளவு பலன் தருகின்றன.

சிதறலாகப் பல இடங்களில் சிறு பள்ளங்கள், அவையும் ஒரே திசைச் சுவரில் மட்டும் இருந்தால் ஆலங்கட்டியின் தடம். 2017 மே 8 அன்று டென்வரைத் தாக்கிய ஆலங்கட்டி மழையின் காப்பீட்டு இழப்பு மட்டுமே 200 கோடி டாலரைத் தாண்டியது. கெட்டியான மூன்றடுக்குச் சிமெண்ட் பூச்சு இதைப் பெரும்பாலும் தாங்கும். இஐஎஃப்எஸ் சுவரில் உள்வலை கிழிந்துவிடும். பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்த்தால் பகலில் தெரியாத பள்ளங்கள் நிழலாகத் தெரியும். காப்பீட்டு ஆய்வாளர் வருவதற்கு முன் அவற்றை வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

மண்சுவர் வீடுகளுக்குத் தனி எச்சரிக்கை

தெற்கே நியூ மெக்சிகோவில், 7,000 அடி உயரத்திலுள்ள சாண்டா ஃபேயிலும் டாவோஸ் பகுதியிலும், அடோபி என்னும் பச்சை மண்கல் வீடுகள் ஏராளம். அவற்றின்மேல் சிமெண்ட் ஸ்டக்கோ பூசினால், விரிசல் வழியே புகும் நீர் வெளியேற முடியாமல் மண்ணைக் குழைத்துவிடும். வெளியே பூச்சு நன்றாகத் தெரிய, உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும். ராஞ்சோஸ் தே டாவோஸ் ஊரின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் 1960களில் சிமெண்ட் பூச்சு பூசினார்கள். ஈரம் உள்ளே தங்கிச் சுவரைக் கெடுத்ததால் 1970களின் இறுதியில் அதை அகற்றி, ஊர்மக்கள் கூடி ஆண்டுதோறும் மண் பூசும் பழைய முறைக்கே திரும்பினார்கள். அடோபி வீட்டில் அடிச்சுவர் வெளித்தள்ளினாலோ, பூச்சுக்குப் பின்னிருந்து மண் உதிரும் ஓசை கேட்டாலோ, சிமெண்டால் ஒட்டுப் போடாதீர்கள். மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சில் பழகியவரை அழையுங்கள்.

ஒட்டுப் போடும் முறை

கெட்டுப்போன பகுதியைச் சுற்றி நேர்கோடாக வெட்டுங்கள். வலையையும் காகிதத்தையும் சேர்த்து வெட்டாமல், பூச்சை மட்டும் தட்டி எடுக்க வேண்டும். ஓரங்களில் பழைய வலை 2 அங்குலமாவது தெரியட்டும். அதற்கு அடியில் கிழியாத காகிதம் கிடைக்கும்வரை அகலப்படுத்துங்கள். புதுக் காகிதம் மேற்புறத்தில் பழைய காகிதத்துக்கு உள்ளேயும், கீழ்ப்புறத்தில் அதன் மேலேயும் படிய வேண்டும். கிடைமட்ட மடிப்பு 2 அங்குலம், செங்குத்து மடிப்பு 6 அங்குலம். இரண்டு அடுக்கு போடுவதில் சிக்கனம் கூடாது: வெளியடுக்கு பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளடுக்கில்தான் நீர் வழியும். புதுவலையைப் பழைய வலையின்மேல் ஓர் அங்குலம் ஏற்றிக் கம்பியால் கட்டுங்கள்.

சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு பங்குக்கு, முதற்பூச்சில் இரண்டரை முதல் நான்கு பங்கு மணலும், இரண்டாம் பூச்சில் மூன்று முதல் ஐந்து பங்கு மணலும் சேர்க்கலாம். பழைய பூச்சின் ஓரத்தை நனைத்துவிட்டு, முதற்பூச்சை 3/8 அங்குலக் கனத்தில் வலைக்குள் நன்றாக அழுத்தி, கிடைமட்டமாகக் கீறிவிடுங்கள். 48 மணி நேரம் ஈரம் காக்க வேண்டும். இங்கே ஒரு நாளைக்கு ஒருமுறை நீர் தெளிப்பது போதாது. காலையும் மாலையும் மெல்லிய தூவலாகத் தெளித்து, நடுவில் ஈரச்சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ தொங்கவிடுங்கள். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் பூசினால் வேலை நிழலிலேயே நடக்கும். இரண்டாம் பூச்சும் 3/8 அங்குலம்; அது சற்று இறுகியபின் மரத்தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பதை விட்டுவிடக்கூடாது, பிற்காலத்து விரிசல்களில் பெரும்பகுதியைத் தடுப்பது அந்தத் தேய்ப்புதான். மறுபடி 48 மணி நேரம் ஈரம் காத்து, மேற்பூச்சுக்கு முன் 7 நாள் விடுங்கள். மேற்பூச்சு 1/8 அங்குலம். நிறம் ஒட்டின் அளவில் பொருந்தாது. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அல்லது இணைப்புப் பட்டைவரை முழுக் கட்டத்துக்கும் மேற்பூச்சிடுவதே கண்ணை உறுத்தாத வழி.

முழுச் சுவரையும் புதிதாகப் பூசும்போது, காகிதத்துக்கும் வலைக்கும் இடையே, நீர் வடிய இடைவெளி தரும் வடிகால் பாயைச் சேர்க்கும்படி கேளுங்கள். வறண்ட மாநிலத்தில் அது வேண்டாம் என்பவர்கள் உண்டு. பனி வாரக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் வடக்குச் சுவரில் அது செலவுக்குத் தகுந்த பலன் தரும் என்பதே என் கருத்து. வலை அடித்து முடித்ததும், பூசுவதற்கு முன், சன்னல் ஓரங்களையும் தகடுகளையும் படம் எடுத்து வையுங்கள். பல நகராட்சிகள் இந்தக் கட்டத்தில் ஆய்வாளரை அழைக்கக் கோருகின்றன. அவர் பார்ப்பதற்கு முன் பூசத் தொடங்கும் ஒப்பந்ததாரரை அனுமதிக்காதீர்கள்.

குளிரில் வேலை செய்வது பற்றி

சிமெண்ட் பூச்சுக்குக் காற்றின் வெப்பம் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும். பூசும்போது மட்டுமல்லாமல், இறுகி முடியும்வரை இரவிலும் அப்படியே இருக்க வேண்டும். உறைந்த சுவரிலும், உறைபனி படிந்த வலையிலும், உறைந்த மணலைக் கொண்டும் பூசக்கூடாது. இறுகுவதற்குள் ஒரு முறை உறைந்த பூச்சு பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், ஆணியால் கீறினால் மணலாக உதிரும். அதை அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. விரைவில் இறுகக் கால்சியம் குளோரைடு கலந்தால் கம்பி வலை துருப்பிடிக்கும். கூடாரம் கட்டிச் சூடேற்றலாம், ஆனால் புகைபோக்கி இல்லாத புரோப்பேன் அடுப்பு வெளியிடும் கரியமில வாயு பச்சைப் பூச்சின் மேற்பரப்பைத் தூளாக்குவதோடு, மூடிய கூடாரத்தில் வேலை செய்பவர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு அபாயத்தையும் உண்டாக்கும்.

டென்வர் வட்டாரத்தில் மே நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை பூச்சுவேலைக்கு ஏற்ற காலம். மலைமேல் போகப் போக இரு முனையிலும் அது குறுகும். நவம்பரில் சுவர் பெயர்ந்து பலகை தெரிய நேர்ந்தால், தளர்ந்த பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, நீராவியை வெளிவிடும் வெளிச்சுவர்க் காகிதத்தை, மேலுள்ளது கீழுள்ளதன்மீது படியும்படி அடித்து, மேல் விளிம்பை நாடாவால் ஒட்டி, அதன்மேல் மரச்சட்டங்களை வைத்துத் திருகி மூடிவிடுங்கள். அந்த மூடலின் அடிப்பக்கத்தை மட்டும் திறந்தே விடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் வசந்தம்வரை அவ்வழியே வடிந்து காய வேண்டும்.